இடது பக்கத்து அழுக்குக் கோடு

என் அண்ணியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. இந்தக் கதையில் நல்ல பெயர் எடுக்கப்போவது அவர்தான். முட்டாள் பட்டம் எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி.

எங்கள் தொழில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, மார்பிலும் இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு, வெளிச்சுவரில் தொங்கியபடி சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, வழித்துக்கொண்டே இறங்குவோம். முதலில் அண்ணனும் நானும்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். வருஷக்கணக்காக வானத்தில் தொங்கிய மனுஷன், வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டான். யாரும் தனியாளாகக் கயிற்றில் இறங்கக் கூடாது என்பது தொழிலின் சட்டம். தொழிலே படுத்துவிடும் போலிருந்தது. அப்போது துணிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணி வந்து, "ஒரு கயிறு சும்மாத்தானே கெடக்கு, எனக்குப் பழக்கி விடுங்க" என்றார். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவர் என்னைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே நின்று, கயிற்றுக்கு அடியில் வருகிற ஆட்களை ஒதுக்கிவிடுகிறவன் ஆனான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் பெல்ட்டைத் தானே சரிபார்த்துக்கொள்ளக் கூடாது. கூட இறங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். அவரவர் கண் அவரவருக்குச் சலுகை காட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்து, தொடைப் பட்டைகளை இறுக்கி, "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணி என் பட்டைகளை இழுப்பதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எங்களுக்குள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் உண்டு. இருவரில் ஒருவர் "வேணாம்" என்று சொல்லிவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஏன், எதற்கு என்ற விவாதமெல்லாம் கயிற்றைக் கழற்றிய பிறகுதான்.

ஒரு நாள் காலைக் குளியலில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. இடது விரையில், பட்டாணி அளவுக்கு, கெட்டியாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகத் தலை துவட்டிக்கொண்டு வந்தேன். அதோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? போனில் தேடிப் பார்த்தேன். வலியில்லாத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. சாதாரண நீர்க்கட்டியாகவும் இருக்கலாம் என்றும் போட்டிருந்தது. இரண்டாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம்பியது என்னவோ முதல் வரியை.

அதன் பிறகு எந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் அந்தக் கட்டடத்தின் கழிப்பறைகளெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயின. போய்த் தாழ்ப்பாள் போட்டு, இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். வளர்ந்துவிட்டதா? வளர்ந்த மாதிரி இருக்கும். வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் வலது பக்கத்திலும் ஏதோ இருப்பது போலத் தோன்றும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியில்தான் கனம், பயமோ எங்கு போனாலும் கூடவே வந்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. போனேன். தெருமுனை கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். "சொல்லுங்க" என்றார். பக்கத்தில் ஒரு நர்ஸ் பேனாவோடு நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. "முதுகு வலி" என்றேன். அவர் என்னைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், திரும்பச் சொன்னார். கடைசியில் ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து, வலிக்காத முதுகில் ஒரு வாரம் தேய்த்தேன். பொய் சொன்னாலும் வைத்தியத்தை மதிக்க வேண்டும் அல்லவா?

பிறகுதான் அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. இத்தனை வருஷமாகத் தொடைப் பட்டை அந்த இடத்தை நெருக்கியதால்தான் கட்டி வந்திருக்கிறது, பட்டையைத் தளர்த்திவிட்டால் தானாகக் கரைந்துவிடும் என்று முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை. நானே டாக்டர், நானே நோயாளி. அன்றிலிருந்து அண்ணி பட்டையை இறுக்கி "சரி" என்றதும், வாளியை எடுக்கிற சாக்கில் திரும்பி, இடது பட்டையை மட்டும் மெல்லத் தளர்த்திவிட்டு இறங்க ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த நாட்களில் கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. பயம் முழுவதையும் அந்தப் பட்டாணி எடுத்துக்கொண்டது.

ஒரு பக்கம் தளர்ந்தால் உடம்பு மறுபக்கம் சாயும். நான் வலது பக்கம் சாய்ந்தே தொங்கினேன். இடது கைக்கு எட்ட வேண்டிய கண்ணாடி எட்டவில்லை. நான் இறங்கிய ஒவ்வொரு வரிசையிலும் இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அழுக்கு அப்படியே தங்கியது. பக்கத்தில் தொங்குகிறபோது அது தெரியவே தெரியாது. சாயங்கால வெயில் கட்டடத்தின்மேல் அடித்தபோது, எதிர்ச் சாரியில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது. உச்சியிலிருந்து தரை வரைக்கும் நேர் நேராகக் கோடுகள்.

கட்டடத்து மேனேஜர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி தொடைக்கச் சொன்னா, கோடு போட்டு வெச்சிருக்கீங்க?" அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான். "டேய், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? போய்க் கண் டாக்டரைப் பாரு." எந்த டாக்டரைப் பார்க்கவும் நான் தயாராக இல்லாத நேரத்தில் இப்படிச் சொன்னான். அண்ணி மட்டும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் வழக்கம்போலப் பட்டைகளை இறுக்கி "சரி" என்றார். நான் வாளியிடம் போனேன். தளர்த்தினேன். நிமிர்வதற்குள் அண்ணியின் கை என் இடது பட்டையின் மேல் இருந்தது. இரண்டு விரலால் சுண்டினார். அது தொளதொளவென்று ஆடியது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், "வேணாம்" என்றார். வேலை நின்றது. இரண்டு பேரும் கயிற்றைக் கழற்றினோம்.

"எத்தனை நாளா இது?"

"எது அண்ணி?"

"நடிக்காத. நான் 'சரி'ன்னு சொல்லிட்டு உன்னை நம்பித் திரும்புறேன். நீ அவுத்து விட்டுட்டு இறங்கியிருக்க. தலைகீழாப் போயிருந்தா உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"கோடு அத்தனையும் இடது பக்கம். கண்ணு தெரியாதவன் எல்லாப் பக்கமும் விட்டிருப்பான். நீ வலப்பக்கமே சாஞ்சு தொங்கியிருக்க. இடது தொடையில என்ன?"

"தொடையில ஒண்ணுமில்ல."

"அப்ப எங்க?"

"கொஞ்சம் மேல."

"இடுப்பா?"

"இடுப்புக்குக் கொஞ்சம் கீழ."

அண்ணி யோசித்தார். தொடைக்கு மேலே, இடுப்புக்குக் கீழே. அந்த எல்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இத்தோடு விட்டுவிடுவார், இனி அண்ணனிடம் பேசிக்கொள்ளச் சொல்லுவார் என்று நினைத்தேன். அண்ணி விடுகிற ஆளா?

"அதுக்குப் பேர் இல்லையா?"

"அண்ணி, விடுங்க."

"பேரே சொல்ல முடியாத எடத்துக்கு எந்த டாக்டர் வைத்தியம் பாப்பாரு? சொல்லு."

"விரையில கட்டி அண்ணி."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகூடப் பறக்கவில்லை. அண்ணி கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கொக்கியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கேட்பது போலவே கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னாரு?"

"தைலம் குடுத்தாரு."

"அதுக்குத் தைலமா?"

"முதுகு வலின்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் சிரித்தார். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் மறு கையால் தன் மார்புப் பட்டையையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிங்க. நல்லா சிரிங்க. உங்களுக்கென்ன? செத்துருவேனோன்னு பயமா இருக்கு அண்ணி. சாப்பிட முடியல. தூங்க முடியல. ஒரு நாளும் ஒரு நிமிஷமும் அது மனசை விட்டுப் போகல. டாக்டர் அது என்னன்னு சொல்லிட்டா அப்புறம் இல்லன்னு நெனைக்க முடியாதே, அதான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லல. எனக்கு இன்னும் ஒண்ணுமே நடக்கல. கல்யாணம் நடக்கல, குழந்தை குட்டி இல்ல. அதுக்குள்ள போயிருவேனா?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்த உயரத்தில் காற்றுக்குக் கண்ணீர் கன்னத்தில் நிற்காமல் காதுப் பக்கமாக ஓடியது. அண்ணியின் சிரிப்பு நின்றது. மார்புப் பட்டையைப் பிடித்த கையை எடுக்காமலே என் முன்னால் வந்து நின்றார்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயால சொல்லணும்டா. பெல்ட்டை அவுத்து விடக் கூடாது."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். மார்புப் பட்டையில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் மற்ற எல்லாருக்கும் அவர் குரல் கேட்கும். அவர் விடும்வரை மற்றவர்கள் பேச முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்க முடியும். அண்ணி பட்டையோடு சேர்த்துப் பொத்தானையும் பிடித்திருந்தார். எந்தப் பேச்சிலிருந்து என்பது எனக்குத் தெரியாது. அழுததும் செத்துருவேனோ என்றதும் கீழே வரை போனது நிச்சயம். அந்தக் கட்டடத்தில் எங்கள் அலைவரிசையில் அண்ணன் மட்டும் இல்லை. வாசல் காவலாளி இருந்தார், வண்டி நிறுத்துமிடத்துக்காரர் இருந்தார், லிஃப்ட் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். மானம் கப்பலேறியது என்பார்களே, என் மானம் அன்று வானொலியில் ஏறியது.

 முதலில் அண்ணன் குரல். அவன் குரல் போலவே இல்லை.

"டேய். இறங்கி வா. நான் வண்டியை எடுக்கறேன்."

அடுத்து வாசல் காவலாளி. "கேட்டைத் தொறந்து வெச்சிருக்கேன். நிக்காம நேராப் போகலாம்."

அதற்குப் பிறகு யாரென்று தெரியாத ஒரு குரல். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வாரமாக ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஓர் ஆள்கூடச் சிரிக்கவில்லை. அண்ணியைத் தவிர. அவரும் என் தைலத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்.

அவ்வளவு பதற்றத்திலும் அண்ணி கயிறுகளை மேலே இழுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். தொங்கவிட்டுப் போனால் யார் தலையிலாவது மாட்டும் என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை என்று ஒன்று இருந்தால், அது அந்தச் சுருட்டலில் இருமடங்கானது. கொழுந்தன் கண் முன்னால் உடைந்து அழுகிறான், கணவன் கீழே வண்டியோடு தவிக்கிறான், அப்போதும் தெருவில் போகிற முகம் தெரியாத ஆளுக்காக ஒரு முடிச்சை ஒழுங்காகப் போட வேண்டுமென்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வண்டியின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அண்ணன், பின்னால் முழுக்கக் கண்ணாடிப் பலகை ஏற்றியிருப்பது போல மெதுவாக ஓட்டினான்.   நான் அண்ணியிடம் குனிந்து கேட்டேன்.

"வேணும்னேதான் அமுக்குனீங்களா?"

"எதை?" என்றார். அவர் பார்வை சாலையில் இருந்தது. இன்றைக்கு வரைக்கும் அதற்குப் பதில் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அண்ணி என்னோடு வரவில்லை. நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவரே சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் நான் வந்திருந்தேன்.

"என்ன பிரச்சனை?" என்றாள் அந்தப் பெண்.

முதுகு என்ற சொல் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன். "விரையில கட்டி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எந்தப் பக்கம்?"

"இடது."

"நேராப் போய் வலது பக்கம் ரெண்டாவது ரூம். அடுத்தவங்க வாங்க."

இவ்வளவுதானா? இதற்காகவா நான் இத்தனை கழிப்பறைகளில் தாழ்ப்பாள் போட்டேன்? அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். போ என்று தாடையை ஆட்டினார்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கை சில்லென்று இருந்தது, அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். தொட்டுப் பார்த்தார். பெல்ட்டால் வந்ததா என்று கேட்டேன். பெல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து, மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் உட்காருவதும் நொண்டிக்கொண்டு நடப்பதுமாக இருந்தான். அண்ணி நக இடுக்கில் உலர்ந்திருந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. "கூட யாராவது வரலாம்" என்றாள் நர்ஸ். அண்ணன் எழுந்தான். கதவைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்து, "நீ போ" என்று அண்ணியிடம் சொன்னான். முழங்கால் வலியால் அல்ல என்று மூன்று பேருக்கும் தெரியும்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்துப் பேசினார். கட்டி கெட்டியாகத் தெரிகிறது என்றார். எடுத்துவிடுவது நல்லது என்றார். எடுத்துப் பரிசோதித்தால்தான் முழுசாகச் சொல்ல முடியும், இப்போதைக்கு எதற்கும் கவலைப்பட வேண்டாம், இந்த மாதிரி விஷயங்களில் இப்போதெல்லாம் நல்ல சிகிச்சை இருக்கிறது என்றார். "இந்த மாதிரி விஷயங்கள்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் தலையாட்டினேன். எந்த மாதிரி என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் சொல்லாத வரைக்கும் அது அங்கே இல்லை. அப்படியே கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்றிருந்தேன்.

"கேன்சரா டாக்டர்?" என்றார் அண்ணி.

அந்தச் சொல்லை அதுவரை யாருமே சொன்னதில்லை. எனக்குள்ளே நான்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"அப்படித்தான் தெரியுதுங்க."

"பொழைச்சுக்குவானா?"

பக்கவாட்டில் அண்ணியைப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. குரல் நடுங்கவில்லை. மடியில் இருந்த கைகள் மட்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. உலகத்தில் என்னால் கேட்கவே முடியாத அந்தக் கேள்வியை எனக்காக அவர் கேட்டார். பதில் எதுவாக இருந்தாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளத் துணிந்து கேட்டார். இதற்கு முன்னால் கயிற்றில் தொங்குவதெல்லாம் ஒரு தைரியமா?

"பொழைச்சுக்குவார்" என்றார் டாக்டர். "வேற எங்கயும் பரவியிருக்கான்னு பார்க்கணும். பரவியிருந்தாலும் மருந்து இருக்கு. இது நல்லாக் குணமாகிற வகை. சீக்கிரம் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பொழைச்சுக்கறாங்க. ஒண்ணை எடுத்தாலும் இன்னொண்ணு வேலை செய்யும். கல்யாணம், குழந்தை எல்லாம் இருக்கும். இவர் சீக்கிரமே வந்துட்டார்."

"எப்ப எடுக்கணும்?"

"இந்த வாரமே."

"எடுத்துருங்க" என்று என்னைக் கேட்காமலே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை.

வெளியே வந்தோம். அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்து, என்னைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தான்.

"என்னவாம்?"

அண்ணி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். உதடு கோணியது. மொட்டை மாடியில் என்னைப் பிழிந்தெடுத்தவர், டாக்டர் முகத்துக்கு நேராகக் கேட்டவர், தன் கணவனின் முகத்துக்கு எதிரில் ஒரு சொல்லும் எழாமல் நின்றார். என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் என்னை ஏசுவதைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"கேன்சர்தான் அண்ணா" என்றேன். "இடது விரையில. இந்த வாரமே எடுத்துருவாங்க. சீக்கிரமே வந்துட்டேனாம், பொழைச்சுக்குவேன்."

அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அந்தக் கூட்டத்தில் யாரைப் பற்றியும் கவலைப்படாமல், தேம்பித் தேம்பி அழுதார். நான் அண்ணனையும் இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய், அவர் அழுது முடிக்கும்வரை நின்றேன்.